கடைமடைக்கு ஆயில் ஏறுமா?

வாசகர் கேள்வி – பதில்: பழைய கார்ப் பராமரிப்பு

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பேட்டரியில் ஓடி ஆயிலை ஏற்றும் கரண்டு ஆயில் பம்பைப் பழைய காரில் பொருத்தலாமா என்று டெல்டா பக்கமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லாம் ஒரே விஷயம் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம். ஆயில் பிரஷரைப் பவுண்டிலேயே (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) எழுதுகிறோம். பழைய வண்டியின் மீட்டரில் இருப்பது அதுதான்.

கேள்வி: 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கிறேன். கல்யாணங்களுக்கு மட்டும் வாடகைக்குப் போகும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஷெட்டை விட்டு நகராது. மாதம் கழித்து செல்ஃப் அடித்தால் நாலைந்து விநாடி கடகடவென்று சத்தம், அதன் பிறகுதான் ஆயில் லைட் அணைகிறது. கரண்டு ஆயில் பம்பு வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சரியாகும். ஆனால் அதற்கு முன் காசு செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

வாய்க்காலில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஃபுட் வால்வு கசிந்தால் மறுநாள் காலை பைப்பில் தண்ணீர் இருக்காது. குடத்தில் மொண்டு ஊற்றினால்தான் பம்பு இழுக்கும். உங்கள் எஞ்சினில் ஆயில் பம்பு பிளாக்கின் அடியில் தொங்குகிறது. அதன் சல்லடை மட்டும்தான் சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலில் முங்கியிருக்கும். வண்டி நின்றபடியே இருந்தால் பம்பிலும் ஃபில்டரிலும், பிளாக்கினுள் ஆயில் ஓடும் பாதையான கேலரியிலும் இருந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேம்பருக்கு வடிந்துவிடுகிறது. செல்ஃப் அடித்ததும் பம்பு முதலில் காற்றைத் தள்ள வேண்டும், பிறகு ஃபில்டரை நிரப்ப வேண்டும், அப்புறம்தான் பேரிங். அந்த நாலைந்து விநாடி அதற்குத்தான் போகிறது.

முதலில் ஃபில்டரைப் பாருங்கள். திருகி மாட்டும் வகை ஃபில்டரில், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் மடல் இருக்க வேண்டும். விலை மலிவான ஃபில்டர்களில் அந்த மடல் இருக்காது, இருந்தாலும் விறைத்துப்போயிருக்கும். நல்ல ஃபில்டர் மாற்றினாலே சத்தம் பாதியாகக் குறைந்த வண்டிகள் உண்டு.

அடுத்து, நீண்ட நாள் நின்ற வண்டியை எழுப்பும் முறை. நாலு பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்குப் போகும் சின்ன வயரை எடுத்துவிடுங்கள். திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அருகில் பொறி பறக்கக் கூடாது. ஒவ்வொரு துளையிலும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எஞ்சின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சிலர் அரை டம்ளர் ஊற்றுகிறார்கள். பிளக்கை மாட்டி செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ஆயிலில் முட்டி ராடு வளையும். பிறகு ஹேண்டில் போட்டு ஐம்பது, அறுபது சுற்று சுற்றுங்கள். பிளக் இல்லாததால் கை வலிக்காது. ஹேண்டில் இல்லாத வண்டிக்கு செல்ஃபையே பத்துப் பத்து விநாடியாக, நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுத்து அடிக்கலாம். ஆயில் லைட் அணைந்த பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். மொத்தம் கால் மணி நேர வேலை.

வருடத்துக்கு மூன்று முறை மட்டும் இப்படி எழுப்பப்போகும் ஒரு வண்டிக்கு இதுவே போதும். பம்பு வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. எஞ்சின் வேலை முடிந்து புதிதாகப் பூட்டிய வண்டி, அல்லது நாலைந்து வண்டிகளை மாற்றி மாற்றி எடுப்பவர் என்றால் பம்பு பிரயோஜனம். தினமும் ஓடும் வண்டிக்கு அது வெட்டிச் செலவு. ராத்திரி நின்ற எஞ்சினில் பேரிங்கில் ஆயில் படலம் அப்படியே இருக்கும்.

இன்னொன்று: கரண்டு பம்பு எல்லா இடத்துக்கும் ஆயில் கொண்டுபோகாது. கிராங்க் பேரிங், கேம் பேரிங், வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஷாஃப்ட் ஆகியவை பிரஷரில் ஆயில் வாங்குபவை. சிலிண்டர் சுவரும், கேம் முனையும் டேப்பெட்டும் சேருமிடமும், எஞ்சின் சுற்றும்போது சிதறும் ஆயிலில்தான் நனையும். அந்த 5 மில்லியை, பம்பு வைத்தவரும் விடத்தான் வேண்டும்.

ஷெட்டில் நிறுத்தியபடியே வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் சேம்பருக்குள் நீர் கோக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகிப் போகும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் காரணம் இதுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய அம்பாசடரில் எஞ்சின் சூடானதும் ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்குகிறது. எஞ்சினை இறக்காமல், கூடுதலாக ஒரு கரண்டு பம்பு வைத்து பிரஷரை ஏற்றிவிட முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: லைட்டை அணைக்கலாம். எஞ்சினைக் காப்பாற்ற முடியாது.

பிரஷரைப் பம்பு உண்டாக்குவதாக நினைக்கிறோம். பம்பு தருவது ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தைப் பேரிங் இடைவெளி தடுப்பதால்தான் பிரஷர் எழும்புகிறது. வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் எவ்வளவு திறந்துவிட்டாலும், நடுவில் நாலு மடை உடைந்து கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. தேய்ந்த பேரிங் என்பது உடைந்த மடை. எஞ்சினில் கடைமடை என்றால் கேலரியிலிருந்து தூரத்தில் இருக்கும் பிக் எண்டும் (பிஸ்டன் ராடின் கீழ்முனைப் பேரிங்) ராக்கரும்தான்.

கணக்கும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் அதன் வழியே கசியும் ஆயில் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. இடைவெளியை மூன்று முறை தன்னாலேயே பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்ப ஓட்டம் கூடும். ஆகவே இரண்டாவது பம்பு ஒன்று வைத்து இதை ஈடுகட்டவே முடியாது. மீட்டர் முள் கொஞ்சம் ஏறும். பேரிங் தேய்வது அப்படியே தொடரும். ஒரு நாள் ராடு தட்டும்.

எஞ்சினை இறக்குவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. முதலில் லைட்டை நம்பாதீர்கள். ஸ்விட்ச் கெட்டாலும் லைட் மினுக்கும். ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மெக்கானிக்கல் மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். இந்த எஞ்சினுக்குச் சூடான நிலையில் ஐட்லிங்கில் 15 பவுண்டு, ஓட்டத்தில் 50 பவுண்டு என்பது ஆரோக்கியமான கணக்கு. ஐட்லிங்கில் 10 காட்டி, ஓட்டத்தில் 40க்கு மேல் நின்றால் பயப்பட வேண்டாம்.

அதற்கும் குறைவாக இருந்தால் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் ஏசி பம்பின் (ஏசி கம்பெனி பெட்ரோல் பம்பு) டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சேம்பருக்குள் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப் போனால் பிரஷர் விழத்தானே செய்யும்? டயஃப்ரம் மாற்றி, ஆயிலையும் மாற்றினால் தீர்ந்தது. அடுத்து ஆயில் கிரேடு. புதுக் கார்களுக்கு வரும் 5டபிள்யூ-30 ஆயிலைப் பழைய எஞ்சினில் ஊற்றினால் சூட்டில் தண்ணீராகிவிடும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் இதற்குச் சரி. பிறகு பிரஷர் அதிகமானால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, வால்வு உட்காரும் இடத்தில் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு ‘டைட்’ செய்வது சில பட்டறைகளில் வழக்கம். அதனால் ஓட்டத்தில் மட்டும் பிரஷர் கூடும். ஐட்லிங்கில் வால்வு மூடியே இருப்பதால் ஒரு மாற்றமும் வராது.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் சேம்பரை இறக்கிப் பம்பைப் பார்க்க வேண்டும். சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம். ரோட்டர் பம்பில் உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் நடுவே 0.15 மில்லிமீட்டர், வெளி ரோட்டருக்கும் உறைக்கும் நடுவே 0.25 மில்லிமீட்டர், மேல்முகத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் 0.13 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜில் இதற்கு மேல் போனால் பம்பை மாற்றுங்கள். பம்பும் நன்றாக இருந்தால் பேரிங்தான். சேம்பர் இறங்கியிருக்கும் கையோடு ஒரு பிக் எண்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேரிங்கின் சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் இல்லை.

கேள்வி: எஞ்சினுக்கு முழு வேலை செய்து முடித்துவிட்டேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஏற்றும் 12 வோல்ட் கியர் பம்பும் வாங்கியாகிவிட்டது. எங்கே, எப்படிப் பொருத்துவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் தள்ளும் பம்பு, உள்ளேயே பைபாஸ் வால்வு உள்ளது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறோம். இதில் நன்றாக யோசித்துச் செய்ய வேண்டியது உறிஞ்சும் பக்கம்தான்.

கியர் பம்பு நன்றாகத் தள்ளும், ஆனால் இழுக்கச் சோம்பேறி. அதனால் பம்பு சேம்பர் ஆயில் மட்டத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அம்பாசடரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இடது பக்கம். ஆகவே வலது பக்கம் சேஸிஸின் உள்புறமாக, ரப்பர் வாஷர் வைத்துப் பூட்டுங்கள். ஸ்டீயரிங் கம்பி அசையும் பாதையில் ஓஸ் வராமல் பார்க்கவும்.

ஆயிலை எடுக்கும் இடம்: டிரெயின் பிளக்கில் ஒரு யூனியன் போட்டு எடுப்பது சுலபம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்கு அது ஆகாது. சேம்பருக்கு அடியில் இரண்டு அங்குலம் யூனியன் தொங்கும். ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடையில் ஒரு முறை இடித்தால் மொத்த ஆயிலும் ரோட்டில். சேம்பரைக் கழற்றிக் கழுவி, பக்கச் சுவரில், அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் துளை போட்டு, மரை வெட்டிய இரும்பு நட்டு ஒன்றைப் பிரேசிங் செய்யுங்கள். அதற்கும் கீழே போனால் கசடை இழுக்கும். பிரேசிங் ஆறியதும் சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றி, செய்தித்தாளின் மேல் ஒரு இரவு வையுங்கள். ஆயில் கசியாத பொத்தலில் கூட மண்ணெண்ணெய் கசியும். காலையில் தாளில் ஈர வட்டம் விழுந்திருந்தால் திரும்ப ஊதச் சொல்லுங்கள்.

உறிஞ்சும் ஓஸின் உள்விட்டம் 12 மில்லிக்குக் குறையக் கூடாது, 16 என்றால் இன்னும் நல்லது. நீளம் இரண்டு அடிக்குள். உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஆயில் ஓஸாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஓஸ் போட்டால் கெட்டி ஆயிலை இழுக்கும்போது சப்பிக்கொள்ளும். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூபை மாட்டியவர்களும் உண்டு. ஆறு மாதத்தில் அது குச்சி மாதிரி விறைத்து உடையும்.

தள்ளும் பக்கத்துக்கு 10 மில்லி ஓஸ் போதும். 150 பவுண்டு பிரஷரும் 120 டிகிரி சூடும் தாங்க வேண்டும். இதை எங்கே இணைப்பது? ஆயில் மீட்டர் பைப் போகும் துளையில் ஒரு டீ போட்டு இணைக்கலாம். சுலபம்தான். ஆனால் துளை சிறிது, மேலும் அங்கே விடும் ஆயில் ஃபில்டர் வழியாகப் போகாது. ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் சாண்ட்விச் பிளேட் கிடைத்தால், ஃபில்டருக்குள் ஆயில் நுழையும் பக்கத்தில் இணைப்பதுதான் முறை. புது எஞ்சினில் லேத் தூள் ஒன்றிரண்டு எங்காவது இருக்கும். ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

மரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த எஞ்சினின் ஆயில் யூனியன்கள் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப்) மரை. இறக்குமதிப் பம்போடு வரும் யூனியன்கள் பெரும்பாலும் என்பிடி (அமெரிக்க பைப்) மரை. எட்டில் ஒரு அங்குல அளவில் பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 28 மரை, என்பிடிக்கு 27. இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், அப்புறம் இறுகும். ‘டைட்டாகத்தானே இருக்கிறது’ என்று ஸ்பேனர் போட்டால் பிளாக்கின் மரை போய்விடும். மரையில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஒன்று கேலரிக்குள் போனால் பேரிங் துளையில் போய் உட்காரும். செம்பு வாஷர், அல்லது ஆயில் தாங்கும் பசை போதும்.

தள்ளும் பைப்பில், ஆயிலை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால், எஞ்சின் ஓடும்போது அதன் சொந்தப் பம்பு ஏற்றும் 50 பவுண்டு ஆயில், சும்மா நிற்கும் கரண்டு பம்பு வழியாகச் சேம்பருக்கே திரும்பிப் போகும். எஞ்சினைக் காக்க வைத்த பம்பே பேரிங்கைப் பட்டினி போடும். பம்புசெட் கடையில் விற்கும் ரப்பர் வாய் வால்வு சூடான ஆயிலில் ஊறிக் குழைந்துவிடும். எஃகு உருண்டை உள்ளதோ, வைட்டான் (சூடான ஆயில் தாங்கும் ரப்பர்) வாய் உள்ளதோ வாங்குங்கள். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

வயரிங்: பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே, 4 ஸ்கொயர் மில்லி வயர். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். டேஷ்போர்டில் கை எடுத்தால் அணைந்துவிடும் ஹாரன் வகை பட்டன் வையுங்கள். தட்டிவிடும் ஸ்விட்ச் வைத்தால் ஒரு நாள் அணைக்க மறந்துபோகும். பேட்டரி இறங்கிவிடுமோ என்ற கவலை வேண்டாம்: 15 ஆம்பியர் அரை நிமிடம் ஓடினால் 0.125 ஆம்பியர்-மணிதான். செல்ஃப் ஐந்து விநாடியில் அதைப் போல் இரண்டு மடங்கு குடிக்கும்.

பழைய லூகாஸ் வயரிங் உள்ள வண்டியா? பாசிட்டிவ் எர்த்தாக (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு சேர்ந்தது) இருக்கலாம், பேட்டரியைப் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் பம்பு மோட்டார் தலைகீழாகச் சுற்றி, ஆயிலை எஞ்சினிலிருந்து சேம்பருக்கு இழுக்கப் பார்க்கும். பம்பின் உடம்பே நெகட்டிவ் என்று இருந்தால், அதைச் சேஸிஸில் படாமல் ரப்பரில் தூக்கிக் கட்ட வேண்டும்.

ஓஸ்களை மாட்டும் முன் பம்புக்குள்ளும் உறிஞ்சும் ஓஸுக்குள்ளும் ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். பிறகு ராக்கர் கவரைக் கழற்றி, ஒருவர் பட்டனை அழுத்த, ஒருவர் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றட்டும். சுற்றாமல் பம்பை மட்டும் ஓட்டினால் ராக்கருக்கு ஆயில் வராமல் போகலாம். கேம்ஷாஃப்டில் உள்ள துளை பிளாக்கின் துளைக்கு நேரே வரும்போதுதான் மேலே ஆயில் ஏறும். இரண்டு சுற்றுக்குள் முதல் ராக்கரின் ஓரத்தில் ஆயில் முத்து மாதிரி திரண்டு வழியும், பிறகு அடுத்தது. எட்டு ராக்கரிலும் வழிந்த பிறகுதான் கவரை மூட வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அதன் துளை அடைப்பு, இப்போதே பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகு வழக்கம்: பட்டனை அழுத்தி, முள் 20 பவுண்டைத் தொட்டதும் பத்து எண்ணி, விட்டுவிட்டு செல்ஃப். முக்கால் நிமிடத்துக்கு மேல் எப்போதும் ஓட்டாதீர்கள். வால்வு கைடு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் ஆனதும் கொசு மருந்து வண்டி மாதிரி புகை வரும்.

கேள்வி: பம்பு பொருத்திவிட்டேன். ‘உர்ர்’ என்று ஓடுகிறது, முள் அசையவே இல்லை.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: சத்தத்தைக் கவனியுங்கள். கிரீச்சென்று மெல்லிய சத்தத்தோடு வேகமாக ஓடினால் பம்பில் ஆயில் இல்லை, காற்றை இழுக்கிறது: உறிஞ்சும் ஓஸின் கிளிப் தளர்வு, அல்லது பம்பு மேலே இருக்கிறது. ஆயில் கசியாத இணைப்பிலும் காற்று நுழையும். கிளிப்பைச் சுற்றி ஆயில் தடவிவிட்டு ஓட்டுங்கள், சத்தம் மாறினால் அங்கேதான் பிழை. திணறி, மோட்டார் சூடானால் ஓஸ் சப்பியிருக்கிறது, இல்லாவிட்டால் நான் ரிட்டர்ன் வால்வு தலைகீழ். சத்தம் ஒழுங்காக இருந்தும் முள் அசையவில்லை என்றால் பெரும்பாலும் வயர் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. தள்ளும் ஓஸைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, ஒரு விநாடி பட்டனைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: எஞ்சினின் பம்பையே எடுத்துவிட்டு முழுக்கக் கரண்டு பம்பில் ஓட்டினால் எஞ்சின் பாரம் குறைந்து மைலேஜ் கூடும் என்று சொல்கிறார்களே?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பாரம் எங்கும் போகாது. முன்பு எஞ்சின் நேராகப் பம்பைச் சுற்றியது. இப்போது எஞ்சின் டைனமோவைச் சுற்றி, டைனமோ மோட்டாரைச் சுற்றி, மோட்டார் பம்பைச் சுற்ற வேண்டும். வழியில் ஒவ்வொருவரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் ஆயிலை 50 பவுண்டில், அதாவது 3.5 பாரில் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆயிலுக்கு மட்டும் 117 வாட். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதையும் சேர்த்தால் மூன்று மடங்கு, 350 வாட். 12 வோல்ட்டில் 29 ஆம்பியர். பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் அதுவும் இல்லை. ஹெட்லைட் போட்டுக்கொண்டு கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் பேட்டரி காலி.

ஆல்டர்னேட்டர் மாற்றினால் கரண்டு கிடைக்கும். ஆனால் ஒரு ஃபியூஸ் போனால்? ஹாரன் ஃபியூஸ் போனால் ஹாரன்தான் அடிக்காது. இது போனால் ஓட்டத்தில் சில விநாடிகளில் பேரிங் போகும். எஞ்சின் பம்பு கேம்ஷாஃப்டோடு பிணைந்தது. எஞ்சின் சுற்றும்வரை அதுவும் சுற்றும். அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பேரலில் இருந்து டீசல் எடுக்கும் 12 வோல்ட் பம்பு வீட்டில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம். அது டீசலின் நீர்மைக்குச் செய்தது. 20டபிள்யூ-50 ஆயிலில் திணறி மோட்டார் காயில் கருகும். டிப் ஸ்டிக் துளை வழியாகப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கும் சின்னப் பம்பும் அப்படியே: எடுக்கத்தான் ஆகும், பிரஷர் தராது. பெட்ரோல் இஞ்செக்ஷன் பம்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

கையில் இருக்கும் சாமானில்தான் செய்ய வேண்டுமென்றால் கரண்டே வேண்டாம். பூச்செடிக்கு அடிக்கும் 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்குங்கள். பூச்சி மருந்து அடித்தது கூடவே கூடாது. முனையைக் கழற்றி, அங்கே ஓஸ் மாட்டி, ஆயில் மீட்டர் துளையில் இணையுங்கள். ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றி, வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஆயில் இளகும். பம்பு அடித்து விசையை அழுத்திப் பிடித்தால் அந்தக் காற்றழுத்தமே ஆயிலைக் கேலரிக்குள் தள்ளிவிடும். முடிந்ததும் டிப் ஸ்டிக் பாருங்கள், சேம்பரில் மட்டம் கூடியிருக்கும்; அதிகத்தை வடித்துவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் வண்டி பாதிச் சக்கரம் முங்கி நின்றது. டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறம். கரண்டு பம்பு ஓட்டி உள்ளே கழுவலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: இப்போது ஓட்டாதீர்கள், செல்ஃபும் அடிக்காதீர்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். சேம்பர் அடியில் தங்கியிருக்கிறது. பம்பின் சல்லடையும் அங்கேதான் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பேரிங்குக்குப் போகும் முதல் மடக்கு தண்ணீர்தான்.

டிரெயின் பிளக்கைத் திறந்து வடிய விடுங்கள். முதலில் தண்ணீர், அப்புறம் ஆயில். ஃபில்டரை மாற்றி, பிளக்குகளைக் கழற்றி சிலிண்டரில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பிறகு கரண்டு பம்பு உதவும், ஆனால் சேம்பரிலிருந்து இழுக்கக் கூடாது. உறிஞ்சும் ஓஸைக் கழற்றி, 3 லிட்டர் புது ஆயில் டப்பாவில் விட்டு, டிரெயின் பிளக் திறந்தபடியே ஓட்டுங்கள். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கேலரியும் பேரிங்கும் புது ஆயிலால் கழுவப்பட்டு, காபி நிறம் கீழே வடியும். டப்பா காலியாவதற்கு முன் நிறுத்துங்கள். திரும்ப ஒரு புது ஃபில்டர், முழு ஆயில், ஸ்டார்ட், நன்றாகச் சூடாகும்வரை ஓட்டம், அதையும் வடித்து மறுபடி ஆயில். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் டீசல் ஊற்றி ஓட்டிக் கழுவுகிறார்கள். அந்த ஐந்து நிமிடம் பேரிங் வெறும் டீசலில் ஓடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தண்ணீர் வடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், பம்பு கிம்பு ஒன்றும் வேண்டாம். சேம்பரை இறக்கி ஒரு பேரிங் மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டிலும் காற்றுத் துளை உண்டு, தண்ணீர் அதன் வழியாகவும் போயிருக்கும்.

கேள்வி: ஜீப்பில் டர்போ டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறேன். அணைத்த பிறகு டர்போவுக்கு ஆயில் போக கரண்டு பம்பு தேவையா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஊர்ப் பொன்மலை ரயில் ஷெட்டில் பார்க்கலாம்: ஈஎம்டி (அமெரிக்க கம்பெனி) வகை டீசல் ரயில் எஞ்சின்களில் டர்போவுக்கென்றே தனி மோட்டார் பம்பு உண்டு, எஞ்சினை அணைத்த பிறகும் ஓடும். ஜீப்புக்கு அவ்வளவு வேண்டாம். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் போதும்.

கேள்வி: போருக்கு முந்தைய மாரிஸ் 8 வைத்திருக்கிறேன். 6 வோல்ட் பேட்டரி. அதற்கேற்ற பம்பு கிடைக்குமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தேட வேண்டாம். இந்த வண்டியில் எதையும் துளைக்கவும் வேண்டாம். 12 வோல்ட் பம்பை ஒரு பலகையில் பூட்டுங்கள். கூடவே ஒரு ஃபில்டர், ஒரு மீட்டர், நான் ரிட்டர்ன் வால்வு, முதலைக் கிளிப் போட்ட இரண்டு வயர். கரண்டுக்கு வேறு காரின் 12 வோல்ட் பேட்டரியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். மாரிஸின் வயரிங்கில் எங்கும் தொடக் கூடாது. உறிஞ்சும் ஓஸை ஆயில் டப்பாவில் விட்டு, தள்ளும் ஓஸை ஆயில் மீட்டர் யூனியனில் மாட்டி, 20 பவுண்டுக்கு மேல் போகாமல் ஏற்றுங்கள். பழைய ஒயிட் மெட்டல் பேரிங்குக்கு அதற்கு மேல் தேவையில்லை. முடிந்ததும் கழற்றி, மீட்டர் பைப்பைத் திரும்ப மாட்டி, டப்பாவிலிருந்து எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவைச் சேம்பரிலிருந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். ஓஸ் முனைகளைச் சுத்தமான பாலிதீன் பையால் கட்டி வையுங்கள். நாகையின் உப்புக் காற்றில் திறந்து கிடந்தால் பித்தளை யூனியன் பச்சை பூத்துவிடும், அடுத்த முறை அதுவும் சேர்ந்துதான் எஞ்சினுக்குள் போகும்.